பிறவிக் குணமா, வீட்டுப் பாடமா?

போன மாதம் ஒரு சனிக்கிழமை. காய்கறிப் பையும் கையுமாக நானும் என் ஏழு வயது மகளும் எங்கள் அடுக்ககத்து லிஃப்டில் ஏறினோம். கூடவே மூன்றாவது மாடியில் குடியிருக்கும் பெண்மணியும் ஏறினார். வழக்கமான புன்னகை, வழக்கமான நமஸ்தே. கதவு மூடியதும் என் மகள் அவரை அண்ணாந்து பார்த்து, பள்ளிக்கூடத்து இந்தியில், கணீரென்று கேட்டாள்: "ஆன்ட்டி, நீங்க சைனாவுக்கு எப்போ திரும்பிப் போவீங்க?"

மூன்று மாடி ஏற அந்த லிஃப்டுக்கு அரை நிமிடம்கூட ஆகாது. அன்றைக்கு என்னவோ குதுப்மினார் உச்சி வரைக்கும் ஏறியதுபோல இருந்தது. அந்தப் பெண்மணி சிரித்தபடியே, "நான் சைனா இல்லை பேட்டா. ஐஸ்வால். மிசோரம். அதுவும் இந்தியாதான்" என்றார். சிரிப்பில் கோபம் இல்லை. பல பேரிடம் பல தடவை சொல்லிச் சொல்லி வந்த ஓர் அலுப்பு இருந்தது. கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை என்று தோன்றியது.

வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஆரம்பித்தேன். "அப்படியெல்லாம் கேக்கலாமா? யாரு உனக்குச் சொல்லிக் குடுத்தா? ஸ்கூல்லயா?"

"நீதானேப்பா சொன்னே. கொரியர் அங்கிள்கிட்ட போன்ல. சைனா வீட்டுக்கு நேர் மேல்னு."

ஆமாம், நான்தான். எங்கள் பிளாக்கில் வீட்டு எண்கள் எந்த வரிசையிலும் அடங்காது. எண்ணைச் சொன்னால் பார்சல் அடுத்த பிளாக்குக்குப் போய்விடும். அதனால் அடையாளம் சொல்லுவது வழக்கம். துளசி மாடத்து வீடு, நாய் வீடு, மிலிட்டரிக்காரர் வீடு, அந்த வரிசையில் சைனா வீடு. கெட்ட எண்ணம் எதுவும் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கெட்ட எண்ணம் இல்லாமல்தான் இரண்டு வருடமாகச் சொல்லி வந்திருக்கிறேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. திருநெல்வேலிக்கார நண்பர் ஒருவர் குடும்பத்தோடு சாப்பிட வந்திருந்தார். அறிவியல் புத்தகங்கள் நிறைய வாசிப்பவர். லிஃப்ட் கதையைக் கேட்டுவிட்டு, "பிள்ளையை வையாதீங்க சார். இது ரத்தத்துலயே இருக்கு. ஆதி காலத்துல முகம் தெரியாத ஒருத்தன் எதிர்ல வந்தா, சந்தேகப்பட்டவன் பொழைச்சான். சந்தேகப்படாதவன் போய்ச் சேர்ந்தான். நாமெல்லாம் பொழைச்சவனோட வாரிசு" என்றார்.

ரசம் ஊற்றிக்கொண்டிருந்த தங்கமணி விடுவாரா? "அவ பொறக்கும்போதே சைனா வீடுன்னு சொல்லிக்கிட்டா பொறந்தா? இவர் சொன்னாரு, அவ கத்துக்கிட்டா. இதுக்கு எதுக்குண்ணே ஆதி காலத்துக்குப் போறீங்க?"

அன்றைக்கு வாக்குவாதம் பாயசத்தோடு முடிந்தது. எனக்குத்தான் முடியவில்லை. இன வேற்றுமை பார்ப்பது நம் பிறவியில் இருக்கிறதா, அல்லது பழக்கி வருவதா? ஆபீஸில் ஆணி குறைவாக இருந்த இரண்டு வாரங்களில் தேடித் தேடிப் படித்தேன். படித்ததில் எனக்குப் பட்டதை இங்கே எழுதுகிறேன். சுருக்கமாகச் சொன்னால், நண்பரும் பாதி சரி, தங்கமணியும் பாதி சரி. ஆனால் அந்த இரண்டு பாதிகளும் எங்கே சேருகின்றன என்பதில்தான் நம்மைப் போன்ற பெற்றோருக்குச் சேதி இருக்கிறது.

முதலில் குழந்தைகள். இங்கிலாந்தில் 2005-ல் ஒரு ஆராய்ச்சி வந்தது. பிறந்து சில நாட்களே ஆன சிசுக்களுக்குப் பல இனத்தவரின் முகப் படங்களை ஜோடி ஜோடியாகக் காட்டி, எந்த முகத்தை அதிக நேரம் பார்க்கின்றன என்று அளந்தார்கள். எந்த இனத்து முகத்தின் மேலும் தனிப் பிரியம் எதுவும் தெரியவில்லை. அதே சோதனையை மூன்று மாதக் குழந்தைகளிடம் செய்தபோது, அவை தம் இனத்தவரின் முகங்களையே கூடுதல் நேரம் பார்த்தன. அதாவது மூன்றே மாதத்தில் ஒரு மாற்றம்.

அது மூன்று மாதத்தில் தானாக முளைக்கும் பிறவிக் குணமா, அல்லது சுற்றியிருக்கும் முகங்களைப் பார்த்து வந்த பழக்கமா? இதற்கு 2006-ல் இஸ்ரேலிய ஆராய்ச்சியாளர்கள் அழகாக ஒரு வழி கண்டுபிடித்தார்கள். மூன்று வகைக் குழந்தைகளை எடுத்துக்கொண்டார்கள். இஸ்ரேலில் வளரும் வெள்ளைக் குழந்தைகள், எத்தியோப்பியாவில் வளரும் கறுப்புக் குழந்தைகள், எத்தியோப்பியாவிலிருந்து இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்து, இரண்டு நிறத்து மனிதர்களையும் தினமும் பார்த்து வளரும் கறுப்புக் குழந்தைகள். முதல் இரண்டு வகையும் தத்தம் இனத்து முகங்களையே அதிகம் பார்த்தன. மூன்றாவது வகையோ இரண்டு முகங்களையும் ஒரே மாதிரி பார்த்தது.

மூன்று மாதக் குழந்தை உற்றுப் பார்ப்பது வெறுப்பும் இல்லை, மரியாதையும் இல்லை. வெறும் பழக்கம். ஆனாலும் இது எனக்கு ஒரு விஷயத்தைச் சொல்லியது. எந்த நிறம் நம் நிறம் என்பதைக் குழந்தை கையோடு கொண்டுவருவதில்லை. தொட்டிலைச் சுற்றி நிற்பவர்களிடமிருந்துதான் எடுத்துக்கொள்கிறது.

தங்கமணி கட்சி ஜெயித்தது என்று நினைக்கவேண்டாம். நண்பர் கட்சிக்கும் பலமான சாட்சி இருக்கிறது.

ஹென்றி தாய்ஃபெல் என்று ஓர் உளவியலாளர். போலந்து நாட்டு யூதர். இரண்டாம் உலகப்போரில் பிரெஞ்சுப் படையில் இருந்து ஜெர்மானியரிடம் கைதியாகி உயிர்தப்பியவர். திரும்பி வந்து பார்த்தால், நாஜிகளின் யூதப் படுகொலையில் குடும்பம் அழிந்திருந்தது. மனிதர்கள் எவ்வளவு சின்னக் காரணம் கிடைத்தால் 'நாம், அவர்கள்' என்று பிரிவார்கள் என்பதை அவர் சோதித்துப் பார்க்க விரும்பினார். 1970-ஐ ஒட்டி, இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்துப் பள்ளிப் பையன்களிடம் க்ளீ, கான்டின்ஸ்கி என்ற இரண்டு ஓவியர்களின் படங்களைக் காட்டி, யார் படம் பிடிக்கிறது என்று கேட்டார். பதிலை வைத்து இரண்டு குழுவாகப் பிரித்ததாகச் சொன்னார். உண்மையில் கண்ணை மூடிக்கொண்டு பிரித்ததுதான். பிறகு ஆளுக்கு எவ்வளவு காசு கொடுக்கலாம் என்று பையன்களிடமே கேட்டார். தனக்கு ஒரு காசும் கிடைக்காது, தன் குழுவில் இருப்பவன் யார் என்றுகூடத் தெரியாது. அப்படியும் பையன்கள் தன் குழுவுக்கே அதிகம் ஒதுக்கினார்கள். தன் குழுவுக்குக் கிடைப்பது கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை, அடுத்த குழுவைவிட அதிகமாக இருந்தால் போதும் என்று பலர் முடிவெடுத்தார்கள்.

அந்த ஓவியர்களுக்காக யாரும் தலைமுறை தலைமுறையாகச் சண்டை போட்டதில்லை. அந்தப் பகையை எந்த வீட்டிலும் சொல்லிக்கொடுத்திருக்க முடியாது. சில நிமிடத்தில் அந்தப் புத்தி வந்துவிட்டது என்றால், ஆள் பிரிக்கும் ஏற்பாடு ஏதோ ஒன்று நமக்குள் தயாராக இருக்கிறது என்றுதானே அர்த்தம்? கூட்டமாக வாழ்ந்து பிழைத்த பிராணி நாம். யார் நம்மோடு நிற்பான், யார் நிற்கமாட்டான் என்று கணக்குப் போடத் தெரியாதவன் அந்தக் காலத்தில் பிழைத்திருக்க மாட்டான். நண்பர் சொன்ன ஆதி காலம் இங்கே சரியாகப் பொருந்துகிறது.

ஆனால் அந்த ஏற்பாடு தோலின் நிறத்தையும் மூக்கின் அமைப்பையும் பார்ப்பதற்காகவே உண்டானதா? இருக்க முடியாது. காரணம் மிக எளிது. நம் மூதாதையர் நடந்து போனவர்கள். ஒரு மனிதன் ஆயுள் முழுக்க நடந்தாலும், தன்னைப் போலவே இருக்கும் மனிதர்களைத்தான் பார்த்திருப்பான். தோலின் நிறம் சூரியனின் புற ஊதாக் கதிரின் அளவுக்கு ஏற்ப, ஆயிரக்கணக்கான மைல்களில் கொஞ்சம் கொஞ்சமாக மாறுவது. அடுத்த ஊர்க்காரன் சண்டைக்கு வந்திருக்கலாம், ஆனால் அவனும் பார்ப்பதற்கு இவனைப் போலவேதான் இருந்திருப்பான். வேறு இனத்து முகத்தைப் பார்த்தே இராதவனுக்கு, அதைக் கண்டு பயப்படும் குணம் எப்படிப் பரிணாமத்தில் வந்திருக்கும்?

கலிஃபோர்னியாவில் 2001-ல் மூன்று ஆராய்ச்சியாளர்கள் இதையே சோதித்தார்கள். வெள்ளையரும் கறுப்பருமாக இரண்டு கூடைப்பந்து அணிகள் வாய்ச்சண்டை போடும் காட்சி. பார்த்தவர்களிடம் பிறகு, எந்த வார்த்தையை யார் சொன்னார் என்று கேட்டார்கள். மாற்றிச் சொன்ன தவறுகளைக் கவனித்தால், மனம் ஆட்களை எப்படிப் பிரித்து வைத்தது என்று தெரிந்துவிடும். முதலில் இனத்தை வைத்துப் பிரித்தது தெரிந்தது. அணிக்கு ஒரு நிறத்தில் சட்டை போட்டுவிட்டபோது, சட்டை முக்கியமாகி, இனத்தின் பிடி வெகுவாகத் தளர்ந்தது. இதற்கு நான்கு நிமிடம்கூடத் தேவைப்படவில்லை. ஒரு தேசத்தின் பல நூறு வருடப் பழக்கம் நான்கு நிமிடத்தில் ஒரு சட்டைக்கு இடம் கொடுக்கிறது!

நம் சமையலறை அஞ்சறைப் பெட்டிதான் எனக்கு இதற்கு உவமையாகத் தோன்றுகிறது. பெட்டி பிறவியிலேயே வருகிறது, அறைகளும் சேர்த்து. எந்த அறையில் எதைப் போடுவது என்பது வீட்டில் முடிவாகிறது. நண்பர் பெட்டியைப் பார்த்தார், தங்கமணி கடுகையும் மிளகையும் பார்த்தார்.

சரி, நம் வீடுகளுக்கு வருவோம். நாம் எதை எதை நிரப்புகிறோம்?

இருபத்தைந்து வருடத்துக்கு முன்னால் தில்லிக்கு வந்து, முனிர்காவில் வீடு தேடியபோது ஒரு வீட்டுக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்து, "மதராசியா? சாம்பார் வாசனை சுவரில் ஏறிவிடும்" என்று கதவைச் சாத்தினார். நான் அதுவரை சாம்பார் வைத்ததே இல்லை. ஆபீஸில் ஒருவர் என்னைக் 'காலியா' என்றுதான் கூப்பிடுவார், பாசமாகவாம். தமிழ்நாட்டைத் தாண்டி வேலைக்கு வந்த நம்மில் பலரிடம் இப்படி ஒரு கதையாவது இருக்கும். 1960-களின் கடைசியில் பம்பாயில் இருந்தவர்களும், 1991 டிசம்பரில் பெங்களூரில் இருந்தவர்களும் இதைவிடக் கடுமையான கதைகளைச் சொல்வார்கள்.

2017-ல் கிரேட்டர் நொய்டாவில் ஆப்பிரிக்க மாணவர்கள் தாக்கப்பட்டதை ஒட்டி, முன்னாள் மாநிலங்களவை உறுப்பினர் தருண் விஜய் ஒரு தொலைக்காட்சி விவாதத்தில், நாங்கள் நிறவெறியர்களாக இருந்தால் தென்னிந்தியர்களோடு எப்படிச் சேர்ந்து வாழ்வோம் என்கிற பொருளில் பேசினார். திருக்குறளை வடக்கே கொண்டுபோகப் பாடுபட்ட மனிதர்! பிறகு மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். அன்றைக்கு நமக்கெல்லாம் எவ்வளவு கோபம் வந்தது. எனக்கும்தான் வந்தது.

அந்தக் கோபம் நம்மைக் கொஞ்சம் நல்லவர்களாக ஆக்கியிருக்கவேண்டும். ஆக்கவில்லை என்பதற்கு என் வீட்டு லிஃப்டே சாட்சி. அடிபட்டவனுக்கு வலி தெரியும், அதனால் அடிக்கமாட்டான் என்பது நாம் நம்மைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் சமாதானம். 2014 ஜனவரியில் இதே தில்லியின் லஜ்பத் நகரில், அருணாசலப் பிரதேச மாணவர் ஒருவரின் தலைமுடியைக் கேலி செய்யப்போய்த் தகராறாகி, அடிபட்டு அவர் இறந்தே போனார். அதன்பின் மத்திய அரசு பெஸ்பருவா கமிட்டியை அமைத்தது. வடகிழக்கு மக்கள் பெருநகரங்களில் படும் பாட்டை அது அதே வருடம் ஜூலையில் அறிக்கையாகக் கொடுத்தது. 2020-ல் கொரோனா வந்தபோது அதே மக்களைத் தெருவில் 'கொரோனா' என்று கூப்பிட்டார்கள். 'மதராசி' என்ற சொல் என் மனதைத்தான் புண்படுத்தியது. அவர்களுக்கு வைத்த பெயர்கள் உயிர் வரைக்கும் போயிருக்கின்றன. அப்படி ஒரு பெயரைத்தான் நான் கொரியர்காரருக்கு அடையாளமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நம் வீட்டுக்குள்ளேயே நிறத்துக்கு நாம் கொடுக்கும் மரியாதையையும் பார்க்கவேண்டும். "கறுப்பா இருந்தாலும் களையா இருக்கா" என்று பெண்ணைப் பாராட்டும் ஜாதி நாம். அந்த 'இருந்தாலும்' என்ற சொல்லில் ஒரு பாடப் புத்தகமே இருக்கிறது. 1975-ல் வந்த ஃபேர் அண்ட் லவ்லி 2020-ல் தன் பெயரைக் குளோ அண்ட் லவ்லி என்று மாற்றிக்கொண்டது. வரன் பார்க்கும்போது நாம் கேட்கும் கேள்வி மாறிவிட்டதா?

இதெல்லாம் கற்றுக்கொள்வதுதான் என்பதற்கு இன்னொரு பெரிய சாட்சி நம்மிடமே இருக்கிறது, ஜாதி. நிறத்தையாவது கண்ணால் பார்க்கலாம். ஜாதி எந்த முகத்திலும் எழுதியிருப்பதில்லை. ஒரே நிறம், ஒரே மொழி, ஒரே ஊர். அப்படி இருந்தும் எந்தத் தெரு, எந்தக் குலதெய்வம், என்ன சாப்பாடு என்று சுற்றி வளைத்துக் கேட்டுக் கண்டுபிடிக்கிறோம். சொல்லிக்கொடுக்காமல் எந்தக் குழந்தைக்கும் தெரியவே முடியாத ஒரு வேற்றுமை, உலகத்திலேயே அதிகக் காலம் நீடித்தவற்றில் ஒன்று. சொல்லிக்கொடுப்பதில் நமக்கு இருக்கும் திறமைக்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

'பரிணாமத்தில் வந்தது, என்ன செய்ய முடியும்' என்று கையை விரிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இனிப்பின் மேல் ஆசையும் பரிணாமத்தில் வந்ததுதான். அதற்காக சர்க்கரை நோயாளி யாரும் டாக்டரிடம் போய், இது என் மூதாதையர் குணம், விட்டுவிடுங்கள் என்று சொல்வதில்லை. காலையில் எழுந்து நடக்கிறார்.

'நான் குழந்தையிடம் எதையும் தவறாகச் சொல்லிக்கொடுப்பதே இல்லை' என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அமெரிக்காவில் ரெபெக்கா பிக்லர் என்ற உளவியலாளர் தொடக்கப் பள்ளிக் குழந்தைகளுக்கு இரண்டு நிறத்தில் டி-ஷர்ட் கொடுத்துப் பல வாரங்கள் கவனித்தார். சில வகுப்புகளில் ஆசிரியர்கள் அந்த நிறங்களைக் கண்டுகொள்ளவே இல்லை. வேறு சில வகுப்புகளில், நீல நிறத்தவர் இங்கே உட்காருங்கள், மஞ்சள் நிறத்தவர் வரிசையில் நில்லுங்கள் என்று நிறத்தைச் சொல்லியே வேலை வாங்கினார்கள். எந்த நிறம் உசத்தி என்று ஒரு ஆசிரியரும் சொல்லவில்லை. அடையாளத்துக்காக மட்டும் பயன்படுத்தினார்கள். முதல் வகையில் குழந்தைகள் நிறத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டாவது வகையில், தன் நிறமே உசத்தி என்ற நினைப்பு வந்துவிட்டது.

இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் சரியாக வரவில்லை. நான் செய்ததும் இதேதான். சைனா வீடு மட்டம் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. அடையாளத்துக்குத்தான் சொன்னேன். பெரியவர்கள் ஒரு வேற்றுமையைத் தினமும் பெயர் சொல்லிப் புழங்கினால், அது முக்கியமானது என்று குழந்தை தானே முடிவு செய்துகொள்கிறது. மீதியை அந்த அஞ்சறைப் பெட்டி பார்த்துக்கொள்கிறது.

இன்னும் ஒன்று. ஐந்து வயது வெள்ளை அமெரிக்கக் குழந்தைகளிடம் 2009-ல் செய்த ஒரு சோதனையில், தன் நிறம் ஆனால் பேச்சில் வெளிநாட்டு வாடை உள்ள குழந்தையைவிட, வேறு நிறமாக இருந்தாலும் தன்னைப் போலவே பேசும் குழந்தையைத்தான் நண்பராகத் தேர்ந்தெடுத்தார்கள். கரோல் பாக் கடைத்தெருவில் பின்னாலிருந்து ஒரு தமிழ்க் குரல் கேட்டால் நம் கழுத்து தானாகத் திரும்புகிறதே, அதன் வேர் இங்கேதான் எங்கோ இருக்கவேண்டும். அந்தச் சந்தோஷத்தில் ஒரு தப்பும் இல்லை. அதை விட்டுவிடச் சொல்லவும் இல்லை. நம் குரலுக்குத் திரும்பும் கழுத்து மற்றவர்களுக்கும் கொஞ்சம் திரும்பினால் போதும்.

போன வாரம் தேங்காய் பர்ஃபி செய்து எடுத்துக்கொண்டு மூன்றாவது மாடிக்குப் போனோம். பக்கத்தில் இருந்தும் இரண்டு வருடமாகப் பெயர்கூடக் கேட்டதில்லை. கேட்டுக்கொண்டோம். கொரியர் விஷயத்தை மறைக்காமல் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு உள்ளே இருந்த மகனைக் காட்டி, "உங்க குக்கர் விசில் அடிச்சா, மதராசி வீட்டில் சமையல் ஆரம்பிச்சாச்சுன்னு இவன் சொல்வான். யார் சொல்லிக் கொடுத்தாங்கன்னு நீங்க கேக்காதீங்க, நானும் சொல்லமாட்டேன்" என்றார். சிரித்தோம். இந்தத் தடவை அந்த அலுப்பு இல்லை.

இதனால் நாங்கள் திருந்திவிட்டோம் என்று பெருமை அடித்துக்கொள்ளவில்லை. நேற்றுக்கூடப் பழைய சொல் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. மகள் பக்கத்திலேயே நின்று என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

உங்கள் வீட்டில் பக்கத்து வீட்டுக்கு என்ன பெயர்? வேலைக்கு வரும் அம்மாவுக்கு, வாட்ச்மேனுக்கு, மகனின் கறுத்த நண்பனுக்கு என்ன அடையாளம் சொல்கிறீர்கள்? ஒரு நாள் முழுக்கக் காதில் போட்டுப் பாருங்கள்.

எங்கள் வீட்டுக்கு இப்போது "நாலாவது மாடி, லிஃப்டுக்கு இடது பக்கம்" என்று சொல்கிறோம். பார்சல் ஒழுங்காக வந்து சேர்கிறது.